சளிக்கு ஒரு பேரேடு

2020-ல் உங்கள் மூக்குக்குள்ளும் அந்தக் குச்சி போயிருக்கும். போகவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. கண்ணில் நீர் முட்ட, தும்மலை அடக்கிக்கொண்டு, 'இதென்னடா கொடுமை' என்று நொந்துபோயிருப்பீர்கள். ஏதோ கொரோனாவுக்காகவே கண்டுபிடித்த புதுச் சித்திரவதை என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம்.

இல்லை. அதற்கு முப்பது வருடங்களுக்கும் முன்பே, நம்ம வேலூரில், ஐந்து வயதுகூட நிரம்பாத வாண்டுகள் அதை அனுபவித்துவிட்டன. அவர்களுக்குக் குச்சிகூட இல்லை. குழாய்!

அந்தக் குழாய் எதற்கு, அதில் வந்த சளியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

உத்திரமேரூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தை மனசுக்குள் கொண்டுவாருங்கள். ஐப்பசி மழை. ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. முதல் நாள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாட்டி, கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து நாக்கில் தடவுகிறாள். இரண்டாம் நாள் இருமல். மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சில் கர்கர்ரென்று சத்தம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. பால் குடிக்க மாட்டேன் என்கிறது. விடிந்தும் விடியாததுமாக ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து உத்திரமேரூர் அரசு மருத்துவமனை. அங்கேயும் சமாளிக்க முடியாவிட்டால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, கடைசியாக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

இத்தனை தூரப் பயணத்திலும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காது. குழந்தைக்கு வந்திருப்பது என்ன?

'சளி கட்டியிருக்கு' என்பார்கள். 'நிமோனியா மாதிரி தெரியுது' என்பார்கள். இதெல்லாம் நடந்த சம்பவத்தின் பெயர். குற்றவாளியின் பெயர் இல்லை. நுரையீரலுக்குள் புகுந்திருப்பது பாக்டீரியாவா, வைரஸா? பாக்டீரியா என்றால் ஆன்ட்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும். வைரஸ் என்றால் அதே மருந்தால் அரைக்காசு பிரயோஜனமில்லை. ஆக்சிஜன் கொடுத்து, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டு, காத்திருக்கவேண்டியதுதான். கஷ்டம் என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அசப்பில் ஒரே மாதிரி இருக்கும். ஸ்டெதஸ்கோப்புக்கும் தெரியாது. எக்ஸ்ரேயும் அடித்துச் சொல்லாது.

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குக் குடவோலை ஞாபகம் வந்திருக்கும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். போட்டியிடுகிறவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நோய் விஷயத்தில் நம் டாக்டர்களின் நிலைமையும் ரொம்ப காலம் அந்தப் பையனின் நிலைமைதான். குடத்துக்குள் கைவிட்டு, வந்த ஓலையை எடு!

ஆனால் பி.காம். படித்த எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது வேறு ஒரு ஷரத்து. பதவியில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால்! நோய்க்கும் அப்படித்தான் கணக்கு வேண்டும். எந்தக் கிருமி, எந்த மாதத்தில், எத்தனை குழந்தைகளுக்கு? தினசரிப் பதிவேடு இல்லாமல் பேரேடு கிடையாது, பேரேடு இல்லாமல் ஐந்தொகை கிடையாது. இந்தச் சளிக் கணக்கைத் தொடங்குவதற்கே மனுஷனுக்கு ரொம்ப நாளாயிற்று.

1918-ல் இன்ஃப்ளூயன்ஸா உலகத்தையே புரட்டிப்போட்டபோது அதன் காரணம் வைரஸ் என்று யாருக்கும் தெரியாது. 1933-ல்தான் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்கிற மூன்று பேர் பிடித்தார்கள். காய்ச்சல்காரரைத் தொண்டை கொப்பளிக்க வைத்து, அந்த நீரை வடிகட்டி, ஃபெரட் என்கிற கீரி மாதிரியான பிராணியின் மூக்கில் விட்டார்கள். ஃபெரட்டுக்கு ஜலதோஷம் பிடித்தது. பிற்பாடு அப்படி நோய் தொற்றவைத்த ஃபெரட் ஒன்று, அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டரின் முகத்துக்கு நேராகத் தும்மித் தொலைத்தது. அவர் படுத்துவிட்டார். ஆராய்ச்சி வெற்றி!

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு வாய்த்த இடம் குன்னூர். அங்கே உள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் 1950-ல் மத்திய அரசின் இன்ஃப்ளூயன்ஸா மையம் ஆரம்பமானது. ஏழே வருடத்தில் அதற்குப் பெரிய பரீட்சை வந்தது. 1957 மே மாதம், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் 'ஆசிய ஃப்ளூ'வும் டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கியது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம்ம மெட்ராஸ்தான். குன்னூர் ஆட்கள் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், கணக்கு எழுதினார்கள்.

பெரியவர்களிடம் தொண்டை கொப்பளித்த நீரை வாங்கிவிடலாம். காறித் துப்பச் சொல்லலாம். கைக்குழந்தையிடம் நடக்குமா? அது சளியை அப்படியே முழுங்கிவிடும். நுரையீரலில் ஊசி குத்தி எடுப்பதென்றால் ஆபத்து. ஆக, குழந்தைக்கு இருக்கிற ஒரே ஜன்னல், மூக்கு.

அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அகப்பட்ட ஆசாமிதான் இந்தக் கதையின் வில்லன். ஆர்.எஸ்.வி. முழுப் பெயர், ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். மூச்சுக்குழாயின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்து, பெரிய பெரிய கட்டிகளாக ஆக்கிவிடும். பெயருக்குக் காரணம் அதுதான். முதலில் மாட்டியது மனிதக் குழந்தையிடம் அல்ல. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்தில் சிம்பன்ஸிகளுக்கு ஜலதோஷம் வந்தது. அவற்றின் மூக்கிலிருந்து எடுத்த வைரஸைப் பற்றி 1956-ல் எழுதினார்கள். குரங்கு நோய் என்றே நினைத்தார்கள். மறு வருடமே ராபர்ட் சானக் என்கிற டாக்டர், பால்டிமோரில் மூச்சுத்திணறலோடு வந்த குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டுபிடித்தார். குரங்குதான் மனிதனிடமிருந்து வாங்கியிருந்தது!

பத்தே வருடத்தில் தடுப்பூசியும் தயார் செய்துவிட்டார்கள். அவசரம். 1966-ல் வாஷிங்டனில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்டு அப்புறம் ஆர்.எஸ்.வி. தொற்றியவர்களில் 80 சதவிகிதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2 குழந்தைகள் இறந்தே போயின. காக்க வந்த ஊசியே நோயை முற்றவைத்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி என்றாலே கம்பெனிகள் பத்தடி தள்ளி நின்றன.

இனி வேலூருக்குப் போகலாம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் வைராலஜி பரிசோதனைக்கூடத்தைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். போலியோ பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயர் வராமல் இருக்காது. குழந்தை டாக்டராகவும் வைரஸ் நிபுணராகவும் ஒரே ஆள் இருந்தது வசதியாகப் போயிற்று. வார்டில் என்ன கேள்வி என்று அவருக்குத் தெரியும், லேபில் என்ன பதில் கிடைக்கும் என்றும் தெரியும்.

இந்தக் கூடத்தை உங்களுக்கு வேறு ஒரு கதையில் தெரிந்திருக்கலாம். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போனார் அல்லவா? இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது அம்பலமானது இந்த வேலூர்க் கூடத்தில்தான். அந்தக் கண்டுபிடிப்பை எழுதிய கட்டுரையில் எரிக் சிமோயஸ் என்று ஒரு பெயர் இருக்கும். குழந்தை டாக்டர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்.

அதே 1980-களின் நடுவில் ஜேக்கப் ஜான், எரிக் சிமோயஸ், தாமஸ் செரியன், அமெரிக்கரான மார்க் ஸ்டெய்ன்ஹாஃப் ஆகியோர் கொண்ட குழு, சளி, மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் மூக்கைச் சோதிக்க ஆரம்பித்தது.

எப்படி? அம்மா மடியில் குழந்தை. தலையை ஒருவர் பிடித்துக்கொள்வார். சேமியா மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மூக்குத் துவாரம் வழியாக உள்ளே போகும், மூக்கு தொண்டையோடு சேருகிற இடம்வரைக்கும். மறுமுனையில் உறிஞ்சி. சில விநாடிதான். ஆனால் அந்தச் சில விநாடிக்குக் குழந்தை போடும் கூச்சலில் வார்டே அதிரும். வந்த சளியை ஐஸில் வைத்துக்கொண்டு ஓடவேண்டும். ஏனென்றால் இத்தனை அட்டகாசம் செய்கிற ஆர்.எஸ்.வி., உடம்பைவிட்டு வெளியே வந்தால் சுத்த சோப்ளாங்கி. கொஞ்சம் தாமதமானாலும் செத்துப்போகும். அப்புறம் கணக்கில் வராது.

பரிசோதனை இரண்டு விதம். சளியில் உள்ள செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்புப்பொருளை ஊற்றிக் கழுவுவார்கள். வைரஸ் இருந்தால் புறஊதா ஒளி மைக்ராஸ்கோப்பில் பச்சை ஆப்பிள் நிறத்தில் மினுமினுக்கும். சில மணி நேரத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்று, வளர்ப்பு செல்களில் வைரஸை வளர்த்துப் பார்ப்பது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் குழந்தை குணமாகி வீட்டுக்குப் போயிருக்கும். சில சமயம், போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வரவேண்டும். பதில் பத்து நாள் கழித்து வருமென்றால், அந்தக் குழந்தைக்கு என்ன லாபம்? வைரஸ் என்று தெரிந்தாலும் கொடுக்க மருந்தில்லை. கூடவே பாக்டீரியா ஒளிந்திருக்காது என்று சத்தியம் செய்யவும் முடியாது. எனவே ஆன்ட்டிபயாடிக்கை நிறுத்தவும் டாக்டருக்குத் துணிச்சல் வராது. அழுகிற பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட அம்மாவுக்கு அதனால் கிடைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும். அந்தச் சளி, இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளுக்காக எடுத்தது. யார் வீட்டுப் பிள்ளையோ மூக்கைக் கொடுத்து எழுதிய கணக்கு அது.

கணக்கு என்ன சொன்னது? மூச்சுக்குழல்கள் வீங்கி இளைப்போடு வருகிற கைக்குழந்தைகளிடம் அதிகம் மாட்டியது ஆர்.எஸ்.வி.தான். மேல்நாட்டில் அது குளிர்காலத்து வியாதி. வேலூரில் மழைக்காலத்தில் அலையாக வந்தது, குளிர் தொடங்கியதும் அடங்கியது. வெள்ளைக்காரன் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம்மூரில் டிசம்பர், ஜனவரிக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், வெள்ளம் வடிந்தபிறகு அணை கட்டுகிற கதைதான்.

இன்னொரு விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை இதில் கிடைத்த பெரிய புதையல். குழாய், மைக்ராஸ்கோப், ஐஸ் பெட்டி எல்லாம் வேலூரில் இருக்கிறது. உத்திரமேரூர் கிராமத்தில் எது இருக்கிறது? ஒன்றுமில்லை. அங்கே நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? பாப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷான் என்கிற டாக்டர், மூச்சை எண்ணினாலே போதும் என்று 1984-லேயே சொல்லியிருந்தார். வேலூர்க் குழு அதை நம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. ஒரு வயதுக்குள் நிமிஷத்துக்கு 50-க்கு மேல், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40-க்கு மேல் மூச்சு விட்டால், சளி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இதிலேயே இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்.

"எத்தனை நாளாம்மா?"

"மூணு நாளா டாக்டர். ராத்திரியிலேர்ந்து மூச்சு வேகமா வாங்குறான்."

அம்மா சொல்கிற அந்த ஒற்றை வரியும் நம்பத்தகுந்த அறிகுறிதான்! படிப்பறிவில்லாத பொம்பளைக்கு என்ன தெரியும் என்று அதட்டி உட்காரவைக்கிற ஆஸ்பத்திரிகள் நிறைந்த நாட்டில், அவள் சொல்வதை எண்களோடு ஒப்பிட்டு, 'சரியாகத்தான் சொல்கிறாள்' என்று அச்சில் ஏற்றினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான் விதி வகுத்தது. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் ஐந்து வயதுவரை 40. இந்தியாவில் 1990-ல் தொடங்கிய சுவாச நோய்த் தடுப்புத் திட்டம் இதைக் கிராமத்து சுகாதார ஊழியர்களின் கையில் கொடுத்தது. சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாதபோது, முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு. தாண்டினால் கோட்ரைமாக்ஸசோல் கொடு. தாண்டாவிட்டால் ஆன்ட்டிபயாடிக் வேண்டாம்.

முரண்பாட்டைக் கவனித்தீர்களா? பல குழந்தைகளுக்கு வந்தது வைரஸ் என்று மூக்கு சொல்கிறது. வேகமாக மூச்சு விட்டால் பாக்டீரியா மருந்து கொடு என்று விதி சொல்கிறது. கிராமத்தில் நின்றுகொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது, தப்பித்தவறி பாக்டீரியாவை விட்டுவிட்டால் குழந்தை செத்துவிடும் என்கிற கணக்கில் எடுத்த முடிவு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதியின் இரண்டாவது பாதி காற்றோடு போய்விட்டது. மூக்கு ஒழுகினாலே சிரப் எழுதித் தருவதும், எழுதித் தராத டாக்டரைக் 'கைராசி இல்லாதவர்' என்று நாம் ஒதுக்குவதும் ஊரறிந்த கதை.

அப்புறம் பி.சி.ஆர். வந்தது. வைரஸை வளர்க்கவேண்டாம், அது செத்துக் கிடந்தாலும் அதன் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டுபிடித்துவிடும். ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் எய்ம்ஸ் டாக்டர்கள் 2009-லிருந்து, ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் மூக்கு, தொண்டை மாதிரிகளை இப்படிச் சோதித்தார்கள்.

ஆனால் ரொம்பக் கெட்டிக்காரத்தனமும் தொந்தரவுதான். நோயே இல்லாமல் ஓடியாடுகிற குழந்தையின் மூக்கிலும் பி.சி.ஆர். வைரஸைக் காட்டும். அப்படியானால் மூக்கில் இருப்பதுதான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? ஏழு நாடுகளில் நடந்த 'பெர்ச்' என்கிற ஆய்வில், நோயுள்ள குழந்தைகளோடு ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கையும் சோதித்துக் கழித்துப் பார்த்தார்கள். வரவு மட்டும் எழுதினால் போதாது, பற்றும் எழுதவேண்டும் அல்லவா? 2019-ல் வந்த முடிவு: கடுமையான நிமோனியாவில் சுமார் 61 சதவிகிதத்துக்கு வைரஸ் காரணம், 27 சதவிகிதத்துக்கு பாக்டீரியா. ஆர்.எஸ்.வி. மட்டும் தனியாக 31 சதவிகிதம். பாக்டீரியா பின்தங்கியதற்கு தடுப்பூசிகளும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் ஹிப் கிருமிக்கான ஊசி 2011 டிசம்பரிலும், நியூமோகாக்கஸ் ஊசி 2021-லும் அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

கணக்கு இல்லாத ஊரில் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஜனவரியே சாட்சி. சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு ஹெச்.எம்.பி.வி. என்று செய்தி வந்ததும் முகக்கவசத்தைத் தேடினோம். புது வைரஸாம், சீனாவிலிருந்து வருகிறதாம்! நெதர்லாந்தில் அதை அடையாளம் கண்டது 2001-ல். இருபது வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரிகளைக் குடைந்து, 28 குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்கள். 1958-ல் எடுத்த ரத்தத்திலேயே அதன் தடயம் இருந்தது. நம் பேரன் பேத்திகளின் மூக்கில் எத்தனை மழைக்காலம் அது வந்து போயிருக்குமோ!

எரிக் சிமோயஸுக்கு வருவோம். வேலூரிலிருந்து அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போனவர், ஆர்.எஸ்.வி.யை விடவே இல்லை. 2023-ல் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. கர்ப்பிணிக்குப் போட்டுப் பிறக்கப்போகும் குழந்தையைக் காக்கிற தடுப்பூசி பற்றி ஒன்று. குழந்தைக்கே நேரடியாகப் போடுகிற நிர்செவிமாப் என்கிற எதிர்ப்புப்பொருள் ஊசி பற்றி இன்னொன்று. இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. 1966-ன் அந்தச் சோகத்துக்குப் பிறகு கிடைத்த முதல் நல்ல செய்திகளில் இவையும் சேர்த்தி. பணக்கார நாடுகளில் போடத் தொடங்கிவிட்டார்கள். விலை அதிகம். நம் அரசின் இலவச அட்டவணைக்குள் இன்னும் வரவில்லை.

வந்தால், ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நிர்செவிமாப் ஊசியின் காவல் சுமார் 5 மாதம். எனவே வைரஸ் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போடவேண்டும். அமெரிக்காவில் அக்டோபரில் ஆரம்பிக்கிறார்கள், அவர்களுக்கு அது சரி. உத்திரமேரூரில் எந்த மாதம்? தென்மேற்குப் பருவம் தூறும்போதா, வடகிழக்கு கொட்டும்போதா? அதைச் சொல்ல, அங்கே ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் மூக்கைச் சில வருடங்களாவது விடாமல் சோதித்து எழுதவேண்டும். கைக்கு எட்டுகிற பழைய கணக்கு வேலூருடையது. 100 கிலோமீட்டர் தள்ளி, 1980-களில் எழுதியது.